அலிவால் திட்டுக்கு டைவ் செய்ய வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலிவால் திட்டு என்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அதற்குப் போக உம்கோமாஸ் ஆற்று முகத்துவாரத்தில் ரப்பர் படகுக்காகக் காத்து நிற்கும் புதியவர்கள் வருடா வருடம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மாஸ்க் மங்குவது, காலில் மாட்டும் துடுப்பை மறந்து வருவது போன்றவற்றை டைவ் மாஸ்டரே பார்த்துக்கொள்வார். அவர் கண்ணில் படாதவை மட்டும் இங்கே.

காலையில் டைவ், மதியம் ஜோகன்னஸ்பர்க்

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஈஸ்டருக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், சனிக்கிழமை இரண்டு டைவ். பணம் கட்டியாயிற்றே என்று ஞாயிறு காலையும் இரண்டு. பன்னிரண்டு மணிக்கு ஈர உடையைப் பையில் திணித்துக்கொண்டு என்3 நெடுஞ்சாலையைப் பிடிக்கிறார்கள். தடுத்தால், "அண்ணே, நாங்க ஃபிளைட்ல போகலையே, கார்லதானே போறோம்" என்பார்கள்.

காரும் மலை ஏறுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரம். அதைத் தாண்டிய ஹில்டன் ஏற்றத்திலேயே 1,000 மீட்டரைக் கடந்துவிடுவீர்கள். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஆக, கிட்டத்தட்ட விமானத்தில் போவது மாதிரிதான். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறும் முன் வெளி அழுத்தம் குறைந்தால், அது திசுக்களிலும் ரத்தத்திலும் குமிழியாகிறது.

ஹாரிஸ்மித் பக்கம் வரும்போது தோளிலோ முழங்கையிலோ வலி தொடங்கும். விரல் மரத்துப்போகும். ஸ்டியரிங் பிடித்த வலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் ஏறுவார்கள். அதுதான் மிக ஆபத்தான முடிவு. வண்டியை நிறுத்தி, மேலே ஏறாமல், டைவ் செய்வோரின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் தென்னாப்பிரிக்க அவசர எண்ணை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். முதலுதவி சுத்த ஆக்சிஜன். அந்த எண்ணை ஊரிலிருந்து கிளம்பும்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

விமானம் ஏறும் முன் காத்திருக்க அந்த அமைப்பின் பரிந்துரை இது, மலை ஏறும் காருக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கணக்கு எளிது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைசி டைவை முடித்தால், ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிறகு கிளம்பலாம். டைவ் கம்ப்யூட்டரில் விமானத் தடைக் குறி இன்னும் தெரிந்தால் அது மறையும்வரை இருங்கள். ஞாயிறு காலையைப் பிள்ளைகளோடு ஸ்காட்பர்க் கடல் குளத்தில் கழிக்கலாம். அங்கே நீந்துவதால் எந்தப் பாதகமும் இல்லை. ஞாயிறும் டைவ் வேண்டும் என்றால் திங்கட்கிழமை லீவு போடுங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) அடித்தேன் என்பது காத்திருக்காமல் போக அனுமதி ஆகாது.

அலைக்குள் படகு

லைஃப் ஜாக்கெட் இறுக்கமாக, இரண்டு பாதமும் பட்டைக்குள், கை கயிற்றில். செல்ஃபி வேண்டாம். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

வேகமாக இறங்குதல்

நீரோட்டம் இருப்பதால், டைவ் செய்யும்போது மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல் பின்பக்கமாகச் சாய்ந்து நேரே இறங்கச் சொல்வார்கள். குழுவை விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் காது அடைத்திருந்தும் கீழே போகிறார்கள். செவிப்பறை கிழிவது இப்படித்தான். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். காது எளிதில் திறக்காதவர்கள் கரையிலேயே சொல்லிவிட்டு, மிதவைக் கயிற்றைப் பிடித்து நிதானமாக இறங்கலாம்.

ராகி சுறாவுக்கு ஜனவரியில் வருவது

வேண்டாம். ராகி எனப்படும் ஒழுங்கற்ற பல்வரிசைச் சுறாவின் காலம் ஜூன் முதல் நவம்பர் வரைதான். சுறா இருக்கும் குகையின் வாயை அடைத்து நிற்காதீர்கள், சுறா வெளியேறும் வழி அதுதான்.

மழைக்கு மறுநாள்

ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். பணம் கட்டும் முன் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேளுங்கள்.

சுறா வலையை வேலி என்று நம்புவது

கடற்கரைக்கு எதிரே போடும் வலை 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். அதற்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுறா வந்து போக இடம் உண்டு. அந்தி நேரத்திலும் கலங்கிய நீரிலும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு இடையே மட்டும் குளியுங்கள், ஆற்று முகத்துவாரத்தில் கூடவே கூடாது.