பேஸ்டலில் நம் ஊர் முகம் வரைகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முதலில் கடையில் நடக்கும் தவறு. 'பேஸ்டல்' என்று மட்டும் கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஆயில் பேஸ்டலைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். நான் இங்கே சொல்வது சாஃப்ட் பேஸ்டல், பொடியாக உதிர்கிற ரகம்.

மயிலாப்பூரில் ஞாயிறு காலைகளில் சிலருக்கு இதைச் சொல்லித் தருகிறேன். முகம் என்றதும் எல்லோர் கையும் டப்பாவில் இருக்கும் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சிக்குப் போகிறது. 'ஸ்கின் கலர்' என்று சின்ன வயதிலிருந்தே அதைப் பழக்கிவிட்டோம். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. நிழலுக்குக் கறுப்பு, மூக்கு நுனிக்கு வெள்ளை என்று முடித்துப் பார்த்தால், பாட்டியின் முகம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

மாநிறத்துக்குப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), காவி, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) ஆகியவற்றில் தொடங்குங்கள். நிழலுக்கு அடர்ந்த ஊதாவோ கரும்பச்சையோ அல்ட்ராமரின் நீலமோ போடுங்கள். கறுப்பைத் தலைமுடியின் ஆழத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலில் பளபளப்பு எடுப்பாகத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் நெற்றியில் அது வானத்தின் இளநீலமாக இருக்கும். மொட்டை மாடி வெயிலில் நின்றால் செந்நிறத் தட்டோட்டின் சூடு தாடைக்கு அடியில் ஏறும். இவற்றையெல்லாம் வெள்ளையால் மூடினால் சுண்ணாம்புதான் மிஞ்சும். கண்ணின் வெள்ளையும் அப்படித்தான்: இமையின் நிழல் விழுவதால் அது பெரும்பாலும் சாம்பல் கலந்தே இருக்கும்.

வெள்ளைத் தாளும் வேண்டாம். காக்கியிலோ செங்காவியிலோ வரைந்தால் தாளே வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலான நிறமாகிவிடும். கான்சன் நிறுவனத்தின் மி-தாந்த் என்ற வண்ணத் தாளில் தேனடை போன்ற சொரசொரப்பு ஒரு பக்கம்தான். முகத்துக்கு மறுபக்கம் நல்லது.

விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. சித்திரை வெயிலில் விரல் வேர்வை பட்ட இடம் வழவழவென்று ஆகி, மேலே நிறம் பிடிக்காது. முதல் அடுக்கை மட்டும் தேயுங்கள், கடைசிக் கோடுகளைத் தொடாதீர்கள். பொடியை வாயால் ஊதினால் அது மூச்சில்தான் போகும். பலகையைச் சாய்த்துத் தட்டினால் போதும்.

பொடி உதிராமல் பிடித்துவைக்க அடிக்கும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவைக் கொட்டி நனைத்தால் வெளிச்ச நிறங்கள் மங்கும், மெல்லிசாக அடியுங்கள். அதற்குப் பதில் ஹேர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, நாளாவட்டத்தில் தாள் மஞ்சளாகும்.

வெனிஸ் ஓவியர் ரோசல்பா கரியேரா 1720-ல் பாரிஸ் போய், சிறுவனாக இருந்த பிரெஞ்சு மன்னர் 15-ஆம் லூயியைப் பேஸ்டலில் வரைந்தார். 300 ஆண்டு தாண்டியும் அந்த முகம் வாழ்கிறது. உங்கள் படமும் நிலைக்க, கண்ணாடி போட்டு, அது தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையை வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் ஷீட் வேண்டாம், அதில் ஏறும் மின்னூட்டம் பொடியை இழுத்துவிடும். ஐப்பசி மழையில் ஓதம் ஏறுகிற சுவரில் மாட்டினால் தை பிறப்பதற்குள் பூஞ்சை வந்துவிடும். உள்சுவரில் மாட்டுங்கள்.