வார்டிலிருந்து மெடிக்கல் கோடிங்குக்கு: ஸ்டாஃப் நர்ஸ்களுக்கான வழிகாட்டி

நைட் டூட்டியும் முதுகுவலியும் போதும், ஆனால் படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று நினைக்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள் பலருக்கு முதலில் கண்ணில் படுவது மெடிக்கல் கோடிங். சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் இருக்கும் கோடிங் நிறுவனங்கள் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் ஃபைல்களைப் பார்ப்பவை. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடு, செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடு, மருந்து மற்றும் பொருட்களுக்கு ஹெச்சிபிசிஎஸ் கோடு போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தருகிறது.

விளம்பரத்தைப் பார்த்ததும் விண்ணப்பிக்காதீர்கள். 'ஹெல்த்கேர் பிராசஸ்', 'மெடிக்கல் பில்லிங்' என்று வரும் பல வேலைகள் கோடிங் அல்ல. அவை ஏஆர் காலிங். அதாவது, பணம் வராத க்ளெய்முக்காக அமெரிக்க இன்சூரன்ஸ் அலுவலகங்களுக்கு போன் செய்யும் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. நைட் டூட்டி வேண்டாம் என்று வெளியே வந்தவர் மறுபடி அதிலேயே போய் விழுவார். கோடிங்குக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட்தான். இன்டர்வியூவில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: எந்த ஸ்பெஷாலிட்டி? எந்த ஷிஃப்ட்?

இந்த வேலைக்கு பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக், பி.ஃபார்ம், பிசியோதெரபி படித்தவர்களும் வருவார்கள். அவர்கள் மாதக்கணக்கில் உருப்போடும் அனாடமி, மருத்துவச் சுருக்கங்கள், மருந்துப் பெயர் எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை. ஆனால் நர்ஸ்கள் தடுமாறும் இடமும் அங்கேதான் இருக்கிறது. வார்டில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நோயாளிக்கு என்ன என்று மனம் கணக்குப் போட்டுவிடும், போடவும் வேண்டும். கோடிங்கில் அது கூடாது. டாக்டர் எழுதாத நோய் அந்த ஃபைலில் இல்லை.

ஒரு ஃபைலில் ஹீமோகுளோபின் 6.8, இரண்டு யூனிட் பேக்டு செல் ஏற்றியிருக்கிறார்கள். 'அனீமியா' என்ற சொல்லை டாக்டர் எங்கும் எழுதவில்லை. ரத்தசோகை என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் தெரியும். ஆனாலும் அனீமியாவுக்குக் கோடு போட முடியாது. டாக்டருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்பலாம், அவ்வளவே.

இன்னொரு ஃபைல், வெளிநோயாளி. 'டைப் 2 டயாபடிஸ், மெட்ஃபார்மின் தொடர்கிறது. ரத்த அழுத்தம். சிகேடி (நாள்பட்ட சிறுநீரக நோய்) ஸ்டேஜ் 3ஏ. இருமல், நிமோனியாவாக இருக்கலாம், எக்ஸ்-ரே எடுக்கவும்.' புதிதாக வரும் நர்ஸ் நிமோனியாவுக்கு ஜே 18.9 போட்டுவிடுவார். அது தவறு. வெளிநோயாளி ஃபைலில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று வருவதைக் கோடு செய்யக்கூடாது. அறிகுறிக்குத்தான் கோடு, இங்கே இருமலுக்கு ஆர் 05.9. இதுவே அட்மிட் ஆன நோயாளியின் மருத்துவமனை ஃபைலாக இருந்து, டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்றே எழுதியிருந்தால், இருப்பதாகவே எடுத்துக் கோடு செய்ய வேண்டும். அதே வாக்கியம்தான், இடத்தைப் பொறுத்து விதி மாறுகிறது.

அதே ஃபைலில் எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு. சர்க்கரையால்தான் சிறுநீரகம் பாதித்தது என்று டாக்டர் எழுதவில்லை. ஆனாலும் வேறு காரணம் என்று அவர் குறிப்பிடாதவரை, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது வழிகாட்டி நெறி. ஆகவே இ 11.22. ரத்த அழுத்தத்துக்கும் சிகேடிக்கும் அதே கதை, ஐ 12.9. ஸ்டேஜுக்குத் தனியாக என் 18.31. மாத்திரைக்கு இசட் 79.84. இந்த விதிகள் ஐசிடி புத்தகத்தின் முன்பக்கங்களிலேயே இருக்கின்றன. பலர் அதைத் தள்ளிவிட்டு நேராக கோடு தேடப் போய்விடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியதே அந்தப் பக்கங்களைத்தான்.

நர்ஸ் எழுதிய குறிப்புக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் எல்லை போட்டுத்தான். பிஎம்ஐ, படுக்கைப்புண்ணின் ஸ்டேஜ், கோமா ஸ்கேல் போன்ற சிலவற்றை நர்ஸ் நோட்டிலிருந்து எடுக்கலாம். ஆனால் படுக்கைப்புண் இருக்கிறது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

ஐவி இன்ஃப்யூஷன் கோடிங்கில் நர்ஸ்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 15 நிமிடமோ அதற்குள்ளோ முடிந்தால் அது புஷ், 96374. 16 நிமிடத்திலிருந்து முதல் மணி நேரம் வரை இன்ஃப்யூஷன், 96365. கூடுதல் மணிக்கான 96366 போட வேண்டுமென்றால் மொத்தம் 91 நிமிடமாவது ஓடியிருக்க வேண்டும். 1 மணி 25 நிமிடம் ஓடியிருந்தால் கூடுதல் கோடு கிடையாது. ஆரம்பித்த நேரம் எழுதி, நிறுத்திய நேரம் எழுதாமல் விட்டால் இன்ஃப்யூஷனாகக் கணக்கில் எடுக்க முடியாது. டிரிப் ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று விளக்கவே வேண்டாம்.

சான்றிதழுக்கு வருவோம். அதிகம் கேட்கப்படுவது, கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான ஏஏபிசியின் சிபிசி தேர்வு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சரியாக இருந்தால் தேர்ச்சி. புத்தகம் பார்த்து எழுதலாம் என்றதும் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 நொடி. தோற்பவர்களில் பலருக்கு விஷயம் தெரியும், பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைத்திருப்பார்கள். சிபிடி புத்தகத்தில் பிரிவுகளுக்கு டேப் ஒட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் குறிப்புகளை ஹைலைட் செய்யுங்கள். கடைசி சில வாரமாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு 25 கேள்வியை ஒரு மணி நேரத்தில் முடித்துப் பழகுங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய புத்தகம் வாங்க வேண்டாம். சிபிடி ஜனவரி 1-லும், ஐசிடி அக்டோபர் 1-லும் மாறும். உதாரணமாக, வெளிநோயாளி விசிட்டின் லெவலை 2021 முதல் டாக்டரின் மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலையோ அன்று செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். 99201 அந்த ஆண்டே நீக்கப்பட்டது. பழைய நோட்ஸை வைத்துப் படித்தால் இங்கேயே மதிப்பெண் போகும்.

பாஸ் செய்ததும் கிடைப்பது சிபிசி-ஏ. அந்த 'ஏ' அப்ரென்டிஸ். இரண்டு ஆண்டு கோடிங் அனுபவத்தைக் காட்டினால் நீங்கும். இரண்டு ஆண்டுக்கு 36 சிஇயூ (தொடர்கல்விப் புள்ளிகள்) சேர்த்துக்கொண்டும் வர வேண்டும். அனுபவமில்லாதவர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களும் இருப்பதால், முதலில் வேலையில் சேர்ந்து பிறகு தேர்வு எழுதுவது பணத்துக்கு நல்லது. '100 சதவீதம் வேலை உறுதி' என்று மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் பயிற்சி மையத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பயோடேட்டாவில் 'இன்ஜெக்‌ஷன் போட்டேன், வைட்டல்ஸ் பார்த்தேன்' என்று எழுதினால் எடுபடாது. எந்த வார்டு, எந்த வகை கேஸ், டிஸ்சார்ஜ் சம்மரி சரிபார்த்ததுண்டா, என்ஏபிஹெச் (மருத்துவமனைத் தர அங்கீகாரம்) ஆடிட்டுக்கு கேஸ் ஷீட் தயார் செய்ததுண்டா, இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் பதில் எழுதியதுண்டா என்று எழுதுங்கள்.

வேலையை விடும்போது நோட்டீஸ் பீரியடை முடித்து ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ் ஆஸ்பத்திரியில் இருந்தால், ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே அதை எழுத்தில் கேளுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யூஏஎன்னில் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) மாற்றுங்கள். ஐந்து ஆண்டு முடியச் சில மாதமே இருந்தால் கிராஜுவிட்டிக்காகப் பொறுக்கலாம். நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள். திரும்பி வரவும், பின்னால் க்ளினிக்கல் டாக்குமென்டேஷன் வேலைகளுக்குப் போகவும் அது தேவைப்படும்.

சீனியர் நர்ஸாக வாங்கிய சம்பளம் முதல் ஆண்டில் குறையலாம். குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சேர்ந்த பிறகு தினமும் இத்தனை ஃபைல் என்ற டார்கெட்டும், பொதுவாக 95 சதவீதத் துல்லியமும் கேட்பார்கள். ஆரம்பத்தில் வேகத்தை விட்டுவிட்டுத் துல்லியத்தைப் பிடியுங்கள். ஆடிட்டர் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே, எந்த விதியின்படி தவறு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் 'டாக்டர் எழுதவில்லை, நானாக எடுத்தேன்' என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.