கடைசி ஒரு டாஸ்க்

பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க்கில், இடத்தரவுக்கான செடோனா நூலகத்தைச் சேர்த்து, வரைபடத்தில் பல கோடிப் புள்ளிகள் எந்தெந்த எல்லைக்குள் விழுகின்றன என்று பார்க்கும் ஜாயின் (இரு அட்டவணைகளை இணைக்கும் வேலை) அது. அந்த வேலையின் துண்டுகளான டாஸ்க்குகளில் 199 மளமளவென்று முடிந்துவிடும். கடைசி ஒன்று மட்டும் நகரவே நகராது. முதலில் மெமரியைக் கூட்டினேன். அதே இழுபறிதான், செலவு மட்டும் ஏறியது.

எக்ஸ்ப்ளெயின் கட்டளை கொடுத்து, ஸ்பார்க் இந்த ஜாயினை எப்படி ஓட்டுகிறது என்ற திட்டத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. 'ரேஞ்ச்ஜாயின்' என்றிருந்தது. அதாவது, இரு பக்கத் தரவும் இடவாரியாகப் பிரிக்கப்பட்டு நெட்வொர்க்கில் அலைகிறது. புள்ளிகள் மொய்த்துக் கிடந்த பகுதி முழுவதும் ஒரே பார்ட்டிஷனின் (ஒரு டாஸ்க் கையாளும் தரவுப் பகுதியின்) தலையில் விழுந்திருக்கிறது. எல்லைகளின் அட்டவணையோ வெறும் 14 எம்பி. ஓர் அட்டவணை தானாக பிராட்காஸ்ட் ஆவதற்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் முழுதாக அனுப்பப்படுவதற்கு, ஸ்பார்க் வைத்திருக்கும் வரம்பு 10 எம்பி. நாம் மாற்றாதவரை செடோனாவும் அதையே எடுத்துக்கொள்கிறது. நான்கு எம்பிக்காக இத்தனை பாடு!

'செடோனா.ஜாயின்.ஆட்டோபிராட்காஸ்ட்ஜாயின்த்ரெஷோல்ட்' மதிப்பை 50 எம்பி ஆக்கினேன். அடுத்த ஓட்டத்தில் திட்டம் 'பிராட்காஸ்ட்இண்டெக்ஸ்ஜாயின்' என்று மாறியது. எல்லைகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ், டாஸ்க்குகளை ஓட்டும் ஒவ்வொரு எக்ஸிக்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது, புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தக் கடைசி டாஸ்க்கும் மற்றவற்றோடு சேர்ந்தே முடிந்தது.

இன்னொன்று: தரவை அனுப்புவதற்கேற்ற பைட்டுகளாக மாற்றும் கிரையோ சீரியலைசரையும், செடோனாவின் வகைகளை அதில் பதிவுசெய்யும் ரெஜிஸ்ட்ரேட்டரையும் ஸ்பார்க் செஷனைத் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். இடையில் மாற்ற முடியாது. அதிலும் எனக்கு ஒரு மாலை போனது.