புண்ணைச் சுற்றியிருக்கும் தோலையும் கொஞ்சம் பாருங்கள்

வீடு வீடாகப் போய் டிரெஸ்ஸிங் மாற்றுவது என் வேலை. ஒரு பாட்டிக்குக் கணுக்காலுக்கு மேலே புண். ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். ஆனால் அதைச் சுற்றிச் சதுரமாகத் தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. பேரன் தினமும் பிளாஸ்டரைச் சர்ரென்று இழுத்து எடுத்திருக்கிறான். "மெதுவா எடுத்தா ரொம்ப நேரம் வலிக்கும்னு பாட்டிதான் சொன்னாங்க" என்றான். புண் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. பாட்டி முனகியதெல்லாம் பிளாஸ்டர் கிழித்த இடத்துக்காக.

புண்ணுக்கு என்ன மருந்து என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றுவது உங்கள் கையில்.

1. பிளாஸ்டரை எடுப்பது

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டரின் ஒரு நுனியை மட்டும் கிளப்பி, அதைப் பின்பக்கமாக மடித்து, தோலோடு ஒட்டினாற்போல் படுத்தவாக்கில் இழுங்கள். மேல்நோக்கித் தூக்கக் கூடாது. இன்னொரு கை விரலால், பிளாஸ்டர் விடுபடும் இடத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தத் திசையில் இழுப்பது நல்லது. விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் ஓரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நிமிடம் பொறுங்கள். புண்ணுக்குள் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே காஸ் துணி காய்ந்து ஒட்டியிருந்தால் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அவசரப்பட்டால் கையோடு வந்துவிடும்.

2. சுத்தம் செய்வது

மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் நீங்களாக ஊற்ற வேண்டாம்; புதிதாக வளரும் திசுவையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். மஞ்சள்தூள், காபித்தூளும் வேண்டாம். சுற்றியுள்ள தோலைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எண்ணெய் தடவியிருந்தால் முழுக்கத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பிளாஸ்டர் நிற்காது.

3. தோலைப் பார்ப்பது

துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தால், கசிவு தோலில் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும், அல்லது அதிகம் உறிஞ்சும் வகையை டாக்டரிடம் கேட்க வேண்டும். புண்ணின் ஓரத்தை விட்டு, நல்ல தோலில் ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிசாகத் தடவலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்பினால் பிளாஸ்டரும் ஒட்டாது, அடியில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. பவுடர் போடாதீர்கள், ஈரத்தில் கட்டிக்கொண்டு உரசும்.

4. மறுபடி கட்டுவது

கை கால் என்றால் பிளாஸ்டரே தோலில் படாமல், காஸ் வைத்து பேண்டேஜ் சுற்றி, பேண்டேஜின் மேலேயே ஒட்டிவிடலாம். சுற்றியபின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள். தோலில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காகித பிளாஸ்டர் வாங்குங்கள், இழுக்காமல் அப்படியே படியவிட்டு ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் ஓரத்தில் கொப்புளம் வரும்.

5. படுக்கையில் இருப்பவர் என்றால்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான கணக்கு. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கறுத்து, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த இடத்தை மட்டும் நீவிவிடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. "முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்" என்று நிறுத்திவிடுகிறார்கள், பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். தோல் வளரப் புரதம்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், அதன் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல், நாற்றம், சீழ், கறுப்பு என்று எது தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல்கூட இது நடக்கும்.