வீடு தயாரானதும் அழைக்கலாம் என்று காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கதவைத் திறந்ததும் நம் வாயில் முதலில் வருவது எது? "வாருங்கள்" என்பதற்கு முன்பே "வீடு இப்படிக் கிடக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள்" என்பது வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அதற்குப் பணிவு என்று பெயர் வேறு வைத்திருந்தேன். உண்மையில் அது வந்தவரைச் சோதனை அதிகாரி ஆக்கும் வேலை. நான் சொல்லும்வரை அவர் தரையைக் கவனித்திருக்க மாட்டார். சொன்ன பிறகு கவனிக்காமல் இருக்க முடியாது. போதாக்குறைக்கு "அதெல்லாம் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறது" என்று என்னைத் தேற்றும் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. களைத்து வந்தவரிடம் முதலில் ஆறுதலை வாங்கிக்கொண்டு, பிறகுதான் தண்ணீர் கொடுக்கிறோம்.

எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் விசுவாசிகளிடம் இன்னும் கொஞ்சம் ஆழமாக வேர்விடுகிறது. காரணம், அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு வசனம் கிடைத்துவிடுகிறது.

வசனத்தைச் சாட்டையாக்குவது

பரலோகப் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல நீங்களும் இருங்கள் என்று மத்தேயு 5:48 சொல்கிறது. இதை வைத்து எத்தனை பேர் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள்! கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் 'டெலெயோஸ்' என்ற சொல்லுக்கு முழுமை பெற்ற, முதிர்ந்த, இலக்கை எட்டிய என்ற பொருள்கள் உண்டு. அகராதிகூட வேண்டாம், அதற்கு முந்தைய ஐந்து வசனங்களைப் படித்தாலே போதும். பகைவரையும் நேசியுங்கள், தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியன் உதிக்கிறது, உங்கள் சொந்தக்காரரை மட்டும் வாழ்த்தினால் அதில் என்ன விசேஷம் என்று இயேசு கேட்கிறார். அந்தப் பேச்சின் முடிவில்தான் பூரணம் என்ற சொல் வருகிறது. இதே போதனையைப் பதிவு செய்யும் லூக்கா 6:36, அந்த இடத்தில் 'இரக்கம்' என்றே சொல்லிவிடுகிறது.

ஆக, எவரையும் தள்ளிவிடாத அளவுக்கு அன்பு விரிந்திருப்பதே அங்கே சொல்லப்படும் பூரணம். எந்த வசனத்தைச் சொல்லி நாம் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தோமோ, அந்த வசனமே கதவைத் திறக்கச் சொல்கிறது.

மார்த்தாளிடம் தவறான குற்றம் காண்பது

லூக்கா 10-ஆம் அதிகாரத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். மரியாள் இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள், மார்த்தாள் வேலை செய்கிறாள், கடிந்துகொள்ளப்படுகிறாள். இதிலிருந்து "வேலை தாழ்ந்தது, தியானம் உயர்ந்தது" என்று பாடம் எடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அப்படிப் பேசுபவருக்கும் யாரோ ஒருவர் சமைத்துத்தானே ஆக வேண்டும்?

மார்த்தாள் சொல்வதைக் கவனியுங்கள். தங்கை என்னைத் தனியே வேலைசெய்ய விட்டுவிட்டாளே, உமக்குக் கவலையில்லையா, எனக்கு உதவச் சொல்லும் என்கிறாள். வீட்டுச் சண்டைக்குள் விருந்தாளியையே இழுக்கிறாள். விருந்தாளிமீதே குறையும் சொல்கிறாள். இயேசுவின் பதில் வேலையைப் பற்றியதே அல்ல. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்பதுதான். மனத்தில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரில் அமர்ந்திருப்பவர் பட்டியலுக்கு இடைஞ்சலாகிவிடுகிறார். முகம் திரிந்து பார்த்தாலே விருந்து குழைந்துவிடும் என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அனிச்சப் பூவாவது மோந்து பார்க்கும்வரை தாங்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு காட்சி யோவான் 12-இல் இருக்கிறது. அந்தச் சகோதரிகளின் ஊரான பெத்தானியா. அவர்கள் சகோதரன் லாசரு பந்தியில் இருக்கிறான், மரியாள் பரிமளத் தைலத்தோடு வருகிறாள். மார்த்தாள்? அவள் அப்போதும் பணிவிடை செய்கிறாள். இம்முறை அவளிடமிருந்து முறையீடு எதுவும் பதிவாகவில்லை, அவளை யாரும் திருத்தவும் இல்லை. கை அதே வேலையில்தான் இருக்கிறது. போனது கலக்கம் மட்டுமே. குறையற்றதைத் துரத்துவதை விட்டுவிட்டால் எல்லாம் சீரழிந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை படிக்கலாம்.

தயாரான பிறகு அழைப்பது

வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவுக்கு அந்த வசதியே கொடுக்கப்படவில்லை. மரத்திலிருந்து சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று விருந்தாளியான இயேசுவே அறிவித்துவிட்டார். வீடும் தயாரில்லை, வாழ்க்கையும் தயாரில்லை. அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது விருந்தாளியை ஏற்றுக்கொண்ட பிறகுதான். கிருபையின் வரிசை இது. முதலில் ஏற்கப்படுகிறோம், பிறகு மெல்லத் திருந்துகிறோம். இதை ஆராதனையில் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தலைகீழாக நடத்துகிறோம்.

எவ்வளவு ஏற்பாடு போதும் என்று கேட்பவர்களுக்கு 2 இராஜாக்கள் 4:10-இல் ஒரு பட்டியல் இருக்கிறது. சூனேம் ஊர்ப் பெண் தீர்க்கதரிசி எலிசாவுக்காக மாடியில் சிறு அறை கட்டி அதில் வைத்தவை நான்கு: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. படுக்க, எழுத, உட்கார, பார்க்க. அந்தப் பட்டியல் முழுவதும் வருபவரின் தேவை. நம் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம்: இது அவருக்காகவா, என் பெயருக்காகவா? என் பட்டியலில் பாதி அங்கேயே உதிர்ந்தது.

உதவியை மறுப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். "நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஏற்கெனவே வைத்திருந்தும், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று சீடரிடம் கேட்டார். கையில் இருப்பதைத் தர இடம் கிடைத்தால்தான் வந்தவர் அந்நியராக இருப்பதிலிருந்து விடுபடுகிறார்.

ஒழுங்கு பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறை கண்டிப்பானது. அதன் 53-ஆம் அதிகாரம் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. அவர்களுக்காக மடத்தலைவர், முக்கிய நோன்பு நாள் தவிர, தம் உபவாசத்தையே முறிக்கலாம் என்கிறது. மற்றத் துறவிகள் நோன்பைத் தொடர்வார்கள். விதி வளைகிறது, உடையவில்லை.

கடைசியாக ஒரு தவறு, நான் இன்னும் செய்துகொண்டிருப்பது: பிடிவாதத்தை விடுவதையும் குறையில்லாமல் விட வேண்டும் என்று நினைப்பது. அண்மையில் ஒரு தோழி சொல்லாமல் வந்தாள். துவைத்த துணி நாற்காலியில் குவிந்திருந்தது. மன்னிப்புக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன். அவள் துணியை ஒதுக்கி உட்கார்ந்து, பேசிக்கொண்டே மடிக்கத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் பேசினோம். நடுவில் கொஞ்சம் அழுதாள். அவள் மடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் போன பிறகு இரண்டே இரண்டு துண்டுகளை மட்டும் மறுபடி மடித்துவைத்தேன்.