பழைய மாருதி 800: அளந்து பார்க்காமல் கழற்றினால் வரும் வம்பு

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுபோனது. ஆனால் 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்பேர் கிடைக்கிறது, இன்ஜின் எளிது, பத்தும் பன்னிரண்டும் நம்பர் ஸ்பானர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். இந்த எளிமையே வினையாகவும் ஆகிறது. "இதுவாகத்தான் இருக்கும்" என்று ஒரு பார்ட்டை மாற்றுவது, சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாற்றுவது என்று பணம் கரைகிறது. கடைசியில் பார்த்தால் பழுது துருப்பிடித்த ஒரு போல்ட்டில் இருக்கும்.

கீழே சொல்லப்படுவது எல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வகை) ஒயரைக் கழற்றி இணைத்துப் பார்க்கும் சோதனைகளைச் செய்யாதீர்கள், கம்ப்யூட்டர் போய்விடும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரியை மாற்றுவது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி செத்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிக் கரண்டை இழுக்கலாம். மீட்டர் 11-க்கு மேலேயே நிற்கிறது, செல்ஃப் மட்டும் முக்கி முனகுகிறது என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். கரண்ட் போகும் வழியில்தான் அடைப்பு.

பழைய 800-ல் அந்த அடைப்பு பெரும்பாலும் எர்த் ஒயரில். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று, அங்கிருந்து இன்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்கு ஒன்று போகும். போல்ட் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், அல்லது பெயின்ட் அடித்தவர் மேலேயே பெயின்ட் அடித்திருப்பார். செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கே கழன்றுவிடும். எர்த் முழுதாக அறுந்த வண்டியில் இன்னொரு கூத்தும் நடக்கும்: கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அமைப்பு) கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்தபின் கேபிள் உறை சூடாக இருக்கிறதா, உருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள்.

சோதனை இப்படி: இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாகம்) வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் ஈயத்தின் மேலேயே இருக்க வேண்டும், கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. மறுமுனை இன்ஜினின் வெறும் உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5, 1 என்று ஏறினால் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். பிளஸ் பக்கம் இதே சோதனையில் (பேட்டரி பிளஸ் ஈயத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை) 0.5 வரை பொறுக்கலாம்.

ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டர், டயோட், சில சமயம் இக்னிஷன் மாட்யூல் வரை போகும். மீட்டரை வைத்து, இன்ஜினைச் சற்று முறுக்கிப் பாருங்கள்: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரியில் தண்ணீர் வேகமாக வற்றுவதும் அதனால்தான். 13-ஐத் தொடவில்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ வேண்டும். சத்தம் வருகிறது என்று விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பம்ப் பேரிங் சீக்கிரம் போய், அடுத்த பழுது ஹீட்டில் வந்து நிற்கும்.

பேட்டரி புதிது, சார்ஜிங்கும் சரி, ஆனாலும் நாலைந்து நாள் நின்றால் இறங்கிவிடுகிறதா? எங்கோ கசிகிறது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300 காட்டினால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு விழுகிறதோ, கசிவு அந்த லைனில். பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, ரிவர்ஸ் ஹாரன், டிக்கி லைட் மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பார்கள். இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் எடுக்கும்; குறைந்த தூரம் ஓடும் வண்டி முழுச் சூட்டை எட்டவே எட்டாது. சோக் அதிக நேரம் வேண்டும், பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும், ரிங் தேயும். ஹீட் ஆவதன் மூல காரணமோ அப்படியே இருக்கும், கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் சுற்றவில்லை. சிட்டியில் சரியாக இருந்து பைபாஸில் எண்பதைத் தாண்டும்போது ஏறினால் ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப் இறக்கை தேய்ந்திருக்கும். வெளியே ஒழுகலே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும்.

ஃபேன் சுற்றாவிட்டால் சுவிட்ச் வைத்து டைரக்ட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருநாள் சுவிட்ச் போட மறந்தால் ஹெட் வளையும். தெர்மோ சுவிட்சின் (தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) பிளக்கைக் கழற்றி, இக்னிஷன் ஆனில், இரண்டு ஒயர் இருந்தால் இரண்டையும் இணையுங்கள். ஒரே ஒயர் என்றால் பாடியில் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் பழுது, அதை மட்டும் மாற்றினால் போதும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று போக வேண்டும். விரலை இறக்கைக்கு அருகில் வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பும் பாத்திரமும் போதும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். பாதியில் நின்றால் புதிது வாங்குங்கள். மாட்டும்போது சின்ன ஊசி ஆடும் துளை மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று அச்சிட்ட மூடி, உள்ளே அந்த அளவு அழுத்தத்தைக் காக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும், 100-லேயே கொதிக்கும். விலை மலிவு, முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுவது மெதுவாகக் கொல்லும் விஷம். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. அலுமினிய ஹெட்டை அரிக்கவும் செய்கிறது. டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கலவை அளவு டப்பாவிலேயே இருக்கும். 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவது வீடு வந்து சேர உதவும், உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைத்த மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். வந்ததும் கழுவிவிட்டு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதுதான் இதில் மிக விலையுயர்ந்த தவறு. ஹெட் விரிசல் விடும். வண்டியை அணைத்து, பானட்டைத் திறந்துவிட்டு, மேல் ஹோஸைத் தொட முடியும் வரை பொறுங்கள். ஹெட் கழற்ற வேண்டி வந்தால் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துச் சமதளம் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு இடையில் நுழைந்தால் ஃபேஸிங் (மெஷினில் செதுக்கிச் சமமாக்குவது) செய்யாமல் புதுக் கேஸ்கெட் போடுவது வீண். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையாக, டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் கேஸ்கெட் மறுபடி போகும்.

ஐட்லிங் நிற்கவில்லை என்று ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பது

மிக்சர் ஸ்க்ரூவை (கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஊசி முனை ஸ்க்ரூ) தொடும் முன், அது முடிவு வரை மெல்ல எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்புங்கள். பலமாக முடுக்கினால் ஊசி முனையில் வடு விழும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கம்பியால் குத்துவதும் அதே வகை. துளை கொஞ்சம் அகன்றாலும் மைலேஜ் போச்சு. கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

அதற்கும் முன்னால் காற்றுக் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஐட்லிங்கில் கார்புரேட்டர் அடி கேஸ்கெட், வேக்கம் ஹோஸ்கள் மேல் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மின்சார பாகங்களில் படாமல். இன்ஜின் சத்தம் மாறும் இடத்தில்தான் ஓட்டை.

இப்போது பங்கில் வரும் பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20. இந்த வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸ் உப்பி மெத்தென்றாகும், அல்லது காய்ந்து வெடிக்கும்; பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரமும் அப்படியே. இந்த மெக்கானிக்கல் பம்பில் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி முகருங்கள். பெட்ரோல் வாடை, அளவு கூடியிருக்கிறது என்றால் வண்டியை ஓட்டாமல் பம்ப்பையும் ஆயிலையும் மாற்றுங்கள். எரிபொருள் ஹோஸ் வாங்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைக் கேளுங்கள். சாதாரண தண்ணீர் ஹோஸ் தீயை அழைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க்கின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரியும். நிறுத்தி வைக்கும் வண்டிக்கு டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது, உள்ளே காற்றுக்கு இடம் குறையும்.

பிரேக்

சக்கரத்தைக் கழற்றும் வேலைக்கு ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். வீல் சிலிண்டர் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். மூடி மேல் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம், டாட் 5 கூடாது, அது சிலிக்கோன். பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தும் முதன்மைச் சிலிண்டர்) மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள், அதன் மேல் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் வற்றவிடாதீர்கள். பேட் மாற்றியபின் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். கியர் போடும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிடுங்கள்.