வலையில் ஒதுக்கிய குவியலில் என்ன பார்க்கலாம்

விசித்திரமான மீன்களைப் பார்க்கக் கண்ணாடித் தொட்டி தேவையில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ படகு கரை சேரும் நேரத்தில் போய் நின்றால் போதும். நெய்மீனும் சூரையும் ஏலம் போகிற இடத்தில் கூட்டம் மொய்த்திருக்கும். அங்கே நிற்க வேண்டாம். வலையை உதறுகிற பக்கம் போங்கள். யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கிய பொடிமீன், நண்டு, சங்கு எல்லாம் கலந்து ஒரு குவியல் கிடக்கும். தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிற அந்தக் குவியலை நான் கடியப்பட்டணத்தில் சின்ன வயதிலிருந்தே கிளறிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

எப்போது போவது என்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே மே மாதம் என்றால் குளச்சல், ஜூலை என்றால் சின்னமுட்டம். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. அப்போது வள்ளங்கள் என்னும் சிறு படகுகள் வரும் கரைகளுக்குப் போகலாம்.

போனதும் யாரிடமாவது கேட்டுவிட்டுத் தொடுங்கள். "அக்கா, இத கொஞ்சம் பாத்துக்கட்டுமா?" என்றால் போதும். "பாரு மக்களே" என்று சொல்லிவிட்டு, அந்த மீனுக்கு ஊரில் என்ன பெயர், எந்த ஆழத்தில் கிடைக்கும், எப்படிச் சமைப்பார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். சுறாவைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் தூத்தூர்க்காரர் ஒருவரைப் பிடியுங்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடித்த ஊர் அது.

சரி, மீனைக் கையில் எடுத்தாயிற்று. நிறத்தைப் பார்த்து வியந்துவிட்டுக் கீழே வைத்துவிடக் கூடாது. வாய் எந்தப் பக்கம் திறக்கிறது, கண் எங்கே இருக்கிறது, துடுப்பு எதற்கு உதவும் என்று மூன்றையும் பாருங்கள். திருக்கையைப் புரட்டினால் வாயும் செவுள் பிளவுகளும் அடிப்பக்கம் இருக்கும். மணலில் படுத்திருக்கும் மீன் வாய் வழியாக நீரை இழுத்தால் மணலும் சேர்ந்து வருமே? மேல்பக்கம் கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் தெரியும். நீரை அதன் வழியாகத்தான் உள்ளே எடுக்கிறது. வாலில் உள்ள முள்ளை மட்டும் தொடாதீர்கள். செத்த திருக்கையின் முள்ளிலும் விஷம் இருக்கும். நாக்கு மீனில் இரண்டு கண்ணும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கிளாத்தி. தோல் கெட்டியானது, அதை உரித்துத்தான் குழம்பு வைப்பார்கள். சமைக்கும் முன் அதன் முதுகில் இருக்கும் முதல் முள்ளைப் பிடித்து நிமிர்த்துங்கள். நிமிர்ந்ததும் பூட்டிக்கொள்ளும். கட்டை விரலால் எவ்வளவு அழுத்தினாலும் சாயாது. இப்போது அதற்குப் பின்னால் உள்ள சின்ன முள்ளை மட்டும் லேசாக அமுக்குங்கள். பெரிய முள் உடனே படுத்துவிடும். பெரிய மீன் துரத்தினால் கிளாத்தி பாறை இடுக்கில் புகுந்து இந்த முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பிறகு அதை வெளியே இழுக்க முடியாது. கறுத்த நீல நிறக் கிளாத்தி கிடைத்தால் வாயையும் திறந்து பாருங்கள். பல் சிவப்பாக இருக்கும்.

சுறாவோடு ஒட்டி வரும் ஒட்டு மீனும் இப்படித்தான், கையில் வைத்துப் பார்க்க வேண்டியது. தலை உச்சியில் வரிவரியாக ஒரு தட்டு இருக்கும். அது முதுகுத் துடுப்பு மாறி உண்டானது. சுறாவிலிருந்து பின்பக்கமாக இழுத்தால் பிடி இன்னும் இறுகும். முன்பக்கமாகத் தள்ளினால் எளிதாகக் கழன்று வரும். சுறா வேகமாக முன்னே நீந்தும்போது நீர் அதைப் பின்னுக்குத்தானே தள்ளும்? அந்த வேகமே பிடியை இறுக்குகிறது.

கணவாய் வந்த உடனே பார்க்க வேண்டும், ஐஸ் போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. தோலை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் விரிவதும் சுருங்குவதும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப்பை. அதைச் சுற்றியுள்ள நுண்ணிய தசைகள் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கணவாய் செத்த பிறகும் இந்த அசைவு கொஞ்ச நேரம் தொடரும். கரையில் ஒதுங்கும் கடல்நுரை, லவ்பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுவார்களே, அது கணவாயின் முதுகு ஓடு. ஒன்றை உடைத்து ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய அடுக்குகள் ஏராளமாக இருக்கும். அந்த அடுக்குகளில் நீரையும் காற்றையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலுக்குள் மேலேயும் கீழேயும் நிலை கொள்கிறது.

பந்துபோல் உப்பும் பேத்தை மீன் கிடைத்தால் பார்த்துவிட்டுக் கையைக் கழுவுங்கள், வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. கடல் குதிரையும் கடல் அட்டையும் குவியலில் கிடந்தால் எடுக்காதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காய்ந்ததை வைத்திருந்தாலும் குற்றம். உயிரோடு இருந்தால் படகுக்காரரிடம் சொல்லிக் கடலில் விடச் சொல்லுங்கள். ஆண் கடல் குதிரையின் வயிற்றுப் பையில் குஞ்சுகள் இருக்கக்கூடும்.

உயிரோடு பார்க்க ஆசை என்றால் முட்டம், கடியப்பட்டணம் பாறைகளுக்கு வாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். நம் கரையில் வற்றும் அளவே குறைவு என்பதால் நாள் பார்த்துத்தான் வர வேண்டும். பாறைக் குழி ஒன்றின் ஓரத்தில் நிழல் விழாமல் குந்தி, அசையாமல் இருங்கள். முதலில் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சங்கு ஒன்று நடக்கும், உள்ளே நண்டு. விரலை நீட்டினால் கொடுக்கை மடக்கி வாசலை அடைத்துக்கொள்ளும். பாறையோடு ஒட்டிய சிப்பியை நெருங்கிப் பார்த்தால் நார்நாராகக் கயிறு விட்டுத் தன்னைக் கட்டி வைத்திருப்பது தெரியும். சிப்பி எடுக்க முங்குபவர்கள் உளியால் பெயர்ப்பது இந்தக் கட்டைத்தான்.

பாறையில் கடலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரைக்கே வர வேண்டாம். வெயிலும் காற்றும் அமைதியாக இருக்கும்போதே எங்கோ தொலைவில் எழுந்த அலை ஏறி வரும். 2024 மே மாதம் நம் மாவட்டக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை ஒரே நாளில் இழந்தோம்.

காலிச் சங்குகளைப் பை நிறையப் பொறுக்காதீர்கள். உடல் பெருத்த நண்டு மாறிக் குடியேறத் தேடுவது அதைத்தான். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும்.